தூசியை எடை போட்டால் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காற்று மாசுச் செய்திகளில் பெரும்பாலும் நுண்துகளின் எடையைத்தான் சொல்கிறார்கள். ஒரு கனமீட்டரில் இத்தனை மைக்ரோகிராம் என்பதோடு சரி. அந்தத் துகளில் என்ன இருக்கிறது, யார் விட்ட புகை அது என்ற கேள்வி எழுவதே இல்லை. நகரத் தூசியைப் பகுத்துப் பார்ப்பதையே வேலையாகக் கொண்டிருந்தவன் என்பதால் எழுதுகிறேன்.

தட்டில் படிந்த தூசியை டைகுளோரோமீத்தேன் என்ற கரைப்பானில் ஊறவைத்தால், நிறமே இல்லாத அந்தத் திரவம் மெல்ல மஞ்சளாகி, பிறகு பழுப்பாகும். கரைந்து வருபவை கரிமச் சேர்மங்கள், அதாவது கார்பனை அடிப்படையாகக் கொண்டவை. கலவையைத் தனித்தனிச் சேர்மங்களாகப் பிரித்துக் காட்டும் கேஸ் குரோமட்டோகிராஃப் கருவியில் செலுத்தினால் அவை வரைபடத்தில் முகடு முகடாக எழும். பல முகடுகளில் புறப்பட்ட இடத்தின் விலாசமே இருக்கும். இலை மெழுகிலிருந்து வந்த ஆல்கேன்களில் (கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே கொண்ட சேர்மங்கள்) 27, 29, 31 என ஒற்றைப்படைக் கார்பன் கொண்டவை ஓங்கி நிற்கும். பெட்ரோலியத்தில் அந்த ஒற்றை, இரட்டைப் பாகுபாடு கிடையாது. முகடுகளுக்கு அடியில் பிரித்தறிய முடியாத ஒரு பெரிய மேடும் சேர்ந்து வரும். வாகனங்களின் எஞ்சின் ஆயிலைக் காட்டிக்கொடுப்பது ஹோபேன் என்ற சேர்மம். லெவோகுளுகோசான் இருந்தால் விறகோ சருகோ எரிந்திருக்கிறது. டிரைபினைல்பென்சீன் கூடுதலாகத் தெரிந்தால், குப்பையோடு பிளாஸ்டிக்கையும் கொளுத்தியிருக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம். தேயும் டயர்கள் பென்சோதயசோல்களை விட்டுச்செல்கின்றன. புகை விடாத மின்வாகனத்தின் டயரும் தேயத்தான் செய்கிறது.

எனக்குப் பெரிய கவலை பென்சோபைரீன்தான். கரிமப் பொருள் எதுவும் அரைகுறையாக எரியும்போது உண்டாகும், ஐந்து கார்பன் வளையங்கள் கொண்ட சேர்மம் இது. இரண்டு வளையம் கொண்டவை ஆவியாகக் காற்றோடு போய்விடும். இது புகைக்கரியில் ஒட்டிக்கொண்டு நுரையீரலுக்குள் இறங்குகிறது, தரையில் படிகிறது, மழைநீரோடு நீர்நிலைக்கும் போகிறது. புகைபோக்கி துடைப்பவர்களுக்கு வரும் புற்றுநோய்க்குப் புகைக்கரியே காரணம் என்று ஆங்கிலேய அறுவை மருத்துவர் பெர்சிவல் பாட் 1775-லேயே எழுதினார். இன்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை பென்சோபைரீனை மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் வைத்திருக்கிறது.

ஒரே எடையுள்ள இரண்டு மாதிரிகளில் ஒன்று வெறும் மண்ணாக இருக்கலாம். மற்றொன்று புகைக்கரியாக இருக்கலாம். தராசுக்கு இரண்டும் ஒன்றுதான். சுவாசிப்பவருக்கு அப்படியா?

என் வேண்டுகோள் இதுதான். அளவீட்டு நிலையங்களில் காற்றுத் தூசியைப் பிடிக்கும் வடிதாளை எடை போட்டபின், அதில் ஒரு துண்டை வெட்டிக் குளிர்பதனத்தில் வைத்து, மாதம் ஒருமுறையாவது கரிமச் சேர்மங்களுக்காகப் பகுக்க வேண்டும். முடிவை, எந்த மூலத்திலிருந்து எவ்வளவு வந்தது என்று பிரித்து வெளியிட வேண்டும். அப்போதுதான் முதலில் குப்பை எரிப்பைத் தடுப்பதா, வாகனப் புகையைக் கட்டுப்படுத்துவதா என்று ஊகத்தில் முடிவெடுக்க வேண்டியிருக்காது. தங்கள் நாளிதழும் இந்த விவரத்தை அதிகாரிகளிடம் கேட்டு வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் பகுப்பாய்வாளர் ஒருவர்