பாஸ் அவுட் ஆன மகனுக்கு

அன்பு மகனுக்கு,

இங்கு அனைவரும் நலம். உன் நலமறிய ஆவல்.

அமெரிக்கக் கம்பெனிகளுக்கு அனுப்பப் போவதாகச் சொன்ன பயோடேட்டாவைப் படித்தேன். நன்றாகவே எழுதியிருக்கிறாய். 2021-இல் கல்லூரியிலிருந்து 'பாஸ் அவுட்' ஆனேன் என்ற வரியை மட்டும் மாற்றிவிடு. அங்கே அதைப் படிப்பவருக்கு நீ கல்லூரியில் மயங்கி விழுந்த கதையாகத் தோன்றும். பசி மயக்கம் என்று நினைத்தால் கூடப் பரவாயில்லை. இளவட்டங்களின் பேச்சில் அது பெரும்பாலும் குடித்துவிட்டு நினைவில்லாமல் கிடப்பது. உன் அறைத் தோழன் நேற்று இரவு சோபாவிலேயே 'பாஸ் அவுட்' ஆகிவிட்டதாகச் சொன்னால், கைகுலுக்கி வாழ்த்துச் சொல்லி வைக்காதே.

இதனால் உன் ஆங்கிலம் மட்டம் என்று குன்றிப்போக வேண்டாம். வெளியேறிப் போவதுதான் அந்தச் சொல்லின் நேர்ப்பொருள். வகுப்பில் வினாத்தாளை ஒவ்வொருவருக்கும் கொடுப்பதற்கும் அதையே சொல்வார்கள். படித்து முடிப்பது என்ற பொருளும் நாம் கட்டிவிட்டதல்ல, பிரிட்டிஷ் ராணுவ வழக்கு. நம் பரங்கிமலை ராணுவ அதிகாரிகள் பயிற்சி மையத்தில் பயிற்சி முடித்தவர்களின் அணிவகுப்புக்கு இன்றும் 'பாஸிங் அவுட் பரேட்' என்றுதான் பெயர். அது முடிந்ததும் பெற்றோரே பிள்ளைகளின் தோளில் நட்சத்திரம் பொருத்துவார்கள். செய்தித்தாளில் அந்தப் படத்தைப் பார்த்தாலே எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். 2023 ஜூன் மாதம் லண்டனில் இளவரசர் வில்லியம் பார்வையிட்ட அணிவகுப்பில், கம்பளிச் சீருடையும் கரடித்தோல் தொப்பியுமாக நின்ற வீரர்களில் சிலர் வெயில் தாங்காமல் சாய்ந்துவிட்டார்கள். அவர்கள் இரண்டு விதத்திலும் 'பாஸ் அவுட்' ஆனவர்கள்!

ராணுவ மைதானத்தில் இருந்ததை நாம் கல்லூரி வாசலுக்குக் கொண்டுவந்தோம். '2023 பாஸ் அவுட் மட்டும் விண்ணப்பிக்கலாம்' என்று ஆளுக்கே அதைப் பெயராக வைத்துவிட்டோம். சென்னையில் நேர்முகத் தேர்வென்றால் தாராளமாகச் சொல். அமெரிக்காவுக்கு அனுப்புவதில் மட்டும் 'கிராஜுவேட்டட்' என்று போட்டுவிடு. அவசரத்தில் 'அவுட்' இருக்கும் இடத்தில் 'அவே' விழுந்துவிடாமல் பார்த்துக்கொள். விண்ணப்பித்தவர் காலமாகிவிட்டார் என்று ஆகிவிடும்.

கடைசியில் 'அரியர் இல்லை' என்று வேறு பெருமையாகப் போட்டிருக்கிறாய். அதையும் எடுத்துவிடு. நீ வாடகை பாக்கி வைக்காதவன் என்றுதான் அவர்கள் புரிந்துகொள்வார்கள்.

அன்புடன்,
அம்மா