காசநோயை வென்றவர் பேசட்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

மார்ச் 24, உலக காசநோய் தினத்தன்று எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கூட்டம் நடந்தது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் சளிப் பரிசோதனை செய்யுங்கள், மருந்து இலவசம் என்று டாக்டர் சொன்னபோது பாதிப் பேர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்புறம் நோயிலிருந்து மீண்ட ஒரு அக்கா எழுந்தார். மாத்திரை போட்ட முதல் வாரமே சிறுநீர் சிவப்பாகப் போனதாம். பயந்து நிறுத்தப் போனவரிடம், அது ரிஃபாம்பிசின் மருந்தின் நிறம்தான் என்று நர்ஸ் விளக்கியிருக்கிறார். ஆறு மாதமும் விடாமல் சாப்பிட்டிருக்கிறார். வீட்டில் தனித் தட்டு வைத்ததைச் சொல்லும்போது குரல் உடைந்தது.

கூட்டம் முடிந்ததும் இரண்டு பேர் அவரிடம் போய் மெதுவாகப் பேசினார்கள். மீண்டவர்களை, அவர்கள் சம்மதத்தோடு, பயணப்படி கொடுத்து ஊர் ஊராகப் பேச வைக்க வேண்டும்.

- ஒரு வாசகி, திண்டுக்கல் மாவட்டம்