கூலியைப் பற்றியும் பேசுங்கள்: சிங்கப்பூர்த் தமிழ்ச் சபைப் போதகர்களுக்கும் மூப்பர்களுக்கும் ஒரு திறந்த மடல்

அன்பான ஐயாமாரே, ஸ்தோத்திரம்.

தீர்க்கதரிசனம் என்றாலே நம் கூட்டங்களில் பேச்சு வரப்போகும் நாள்களைப் பற்றித்தான் போகிறது. டிசம்பர் 31 இரவு ஆராதனையில் புத்தாண்டுக்கான வாக்குத்தத்த வசன அட்டை வாங்குகிறோம். ஏசாயா வரும், எரேமியா வரும். எரேமியா 22-ஆம் அதிகாரம் மட்டும் அந்த அட்டையில் வந்து நான் பார்த்ததே இல்லை.

அதில் கர்த்தர் எரேமியாவை ராஜாவின் அரண்மனைக்கே போய்ப் பேசச் சொல்கிறார். யோயாக்கீம் ராஜா கேதுரு மரப் பலகை பதித்து, சிவப்பு வர்ணம் பூசி, பெரிய ஜன்னல்கள் வைத்து வீடு கட்டுகிறான். வேலை செய்தவனுக்குக் கூலி இல்லை. உன் தகப்பன் யோசியாவும் சாப்பிட்டான், குடித்தான். ஆனால் ஏழையின் நியாயத்தை விசாரித்தான், என்னை அறிவது அதுதானே என்று கர்த்தர் கேட்கிறார். பலியைப் பற்றியோ பாட்டைப் பற்றியோ அந்த இடத்தில் ஒரு வார்த்தை இல்லை.

நம் ஞாயிறு மாலை ஆராதனையில் பின்வரிசையில் உட்காருகிறவர்கள் துவாஸ், கிராஞ்சி வெளிநாட்டுத் தொழிலாளர் விடுதிகளிலிருந்து பஸ் மாறி வரும் தம்பிகள். ஆராதனை முடிந்து ஒருவர் என்னிடம் கைப்பேசியை நீட்டினார். ஓவர்டைம் மணிகளைத் தேதிவாரியாக நோட்டில் எழுதி, பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வைத்திருந்தார். இரண்டு மாதச் சம்பளம் பாக்கி. புகார் கொடுத்தால் வேலை பெர்மிட்டை ரத்து செய்து ஊருக்கு அனுப்பிவிடுவார்களோ என்று பயம். ஏஜெண்டுக்குக் கட்ட வாங்கிய கடனோ அப்படியே நிற்கிறது. "ஜெபம் பண்ணுங்கண்ணே" என்றார்.

சரி, ஜெபிப்போம். அப்புறம்? இந்நாட்டு வேலை நியமனச் சட்டப்படி, சம்பளக் காலம் முடிந்து 7 நாளுக்குள் சம்பளமும் 14 நாளுக்குள் ஓவர்டைம் பணமும் கைக்கு வரவேண்டும். வேதத்தில் உபாகமம் 24 இன்னும் கண்டிப்பு. அந்நியனானாலும் சரி, கூலியைப் பொழுது போகுமுன் கொடு, அவன் அதையே நம்பியிருக்கிறான் என்கிறது. இரண்டையும் ஒரே பிரசங்கத்தில் சொல்லலாமே! சம்பளப் புகாருக்குக் காலக்கெடு உண்டு என்பதையும் அறிவிப்பு நேரத்தில் சொல்லுங்கள். மனிதவள அமைச்சுக்குக் கூடவே போக ஓர் ஆளை ஏற்பாடு செய்யுங்கள்.

சபையில் அரசியல் வேண்டாம் என்பீர்கள். மத நல்லிணக்கச் சட்டம் இருப்பது எனக்கும் தெரியும். கட்சி அரசியல் பேச நான் கேட்கவில்லை. ஏற்கெனவே சட்டத்தில் உள்ள கூலியைக் கொடு என்று சொல்வதற்கு எதற்குத் தயக்கம்? பெத்தேலில் ஆமோஸ் தீர்க்கதரிசியிடம், இது ராஜாவின் பரிசுத்த ஸ்தலம், இங்கே பேசாதே, யூதாவுக்குப் போய்ப் பிழைத்துக்கொள் என்று வாயை அடைக்க வந்தவன் அமத்சியா. அவன் ஆசாரியன். ஆராதனை நடத்துகிறவன். அதுதான் என்னை உறுத்துகிறது.

நம் சபைகளிலேயே காண்டிராக்டர்கள் இருக்கிறார்கள், பலர் தாராளமாகக் கொடுப்பவர்கள். நாத்தான் தீர்க்கதரிசி தாவீது ராஜாவிடம் நேரில் போய் அவன் பாவத்தைப் பற்றிப் பேசியதுபோல, முதலில் அவர்களைத் தனியாகப் பார்த்து, ஆட்களுக்குச் சம்பளப் பாக்கி உண்டா என்று கேளுங்கள். உண்டென்றால் தீர்க்கச் சொல்லுங்கள். தீர்க்கும்வரை அவர்களிடம் கட்டட நிதிக்குக் காணிக்கை வாங்காதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் சபை அங்கத்தினரில் ஒருவன்