மாத்திரை எதுக்குன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க டாக்டரம்மா

கோயமுத்தூர், ஈரோடு, திருப்பூர் பக்கம் ஆஸ்பத்திரி வெச்சிருக்கற லேடி டாக்டருங்க எல்லாருக்கும் வணக்கமுங்க.

எம்பொண்ணுக்கு 23 வயசு, பனியன் கம்பெனில கணக்கு பாக்கறா. நாலு மாசமா தூரமாகலைன்னு ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன், ரெண்டு மணி நேரம் டோக்கனைப் புடிச்சுட்டு உக்காந்து உள்ள போனா மூணே நிமிசம், ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பாத்துட்டு "பிசிஓடி (சினைப்பை நீர்க்கட்டி), ஹார்மோன் ப்ராப்ளம், 10 நாளைக்கு மாத்திரை, வெயிட்டைக் கொறைங்க"ன்னு அடுத்த டோக்கனைக் கூப்புட்டாச்சு. எண்டோமெட்ரியம், அதாவது கர்ப்பப்பை உள்சவ்வு, 15 எம்எம்னு போட்டிருந்துச்சுங்க, அது எச்சா கம்மியான்னு கேக்கக்கூட வாய் வரலை. ஊட்டுக்கு வந்தா பக்கத்தூட்டக்கா "ஹார்மோன் மாத்திரையா? கர்ப்பப்பை சுருங்கிப்போயிரும் அம்மிணி"ன்னு கெளப்பி உட்டுட்டாங்க. இவ பயந்துட்டு அஞ்சாம் நாளே நிறுத்திட்டா, ரெண்டு நாள்ல ரத்தம் வந்துருச்சு, சரி வேலை முடிஞ்சுதுன்னு மீதி மாத்திரைய பீரோவுல வெச்சுப்போட்டோம். அடுத்த தடவை போனப்ப வாங்குன திட்டு இருக்குதே!

கடைசீல நர்சிங் படிக்கற எங்கக்கா மக தாங்க வெவரம் சொன்னா. மாசத்துல முன்பாதில சினைப்பைல இருந்து வர்ற ஈஸ்ட்ரோஜன்ங்கற ஹார்மோன் கர்ப்பப்பை உள்சவ்வை வளத்தி உடுது, கூடவே பின்னால வரப்போற புரோஜெஸ்டிரோன்ங்கற இன்னொரு ஹார்மோனை வாங்கிக்கற ரிசெப்டரையும் அந்த சவ்வுலயே செஞ்சு வெச்சுருது. முட்டை வெடிச்ச எடத்துல இருந்து புரோஜெஸ்டிரோன் வந்து, வளந்தது போதும், இனி கருவைத் தாங்கத் தயாராகுன்னு சொல்லுமாம். கரு தங்கலைன்னா அது எறங்கிரும், சவ்வு கழண்டு வந்துரும். பிசிஓடில முட்டையே வெடிக்காதப்ப இந்த ரெண்டாவது சேதி எங்க வர்றது? பருத்திக்காட்டுல கொழுந்து கிள்ளாம உட்டா செடி மட்டும் தழைஞ்சுட்டே போகுமில்லீங்க, அந்தக் கதைதான். வருசக்கணக்குல அப்படியே உட்டா கேன்சர்ல கூட போய் நிக்கலாமாம். அந்த மாத்திரை வராத சேதிய நம்மளா கொண்டு போய்க் குடுக்கறது, பாதில நிறுத்தினா சேதியும் பாதிதான். இத்தன நாளா அது தூரத்தை வரவெக்கற மாத்திரைன்னே நெனச்சுட்டு இருந்தனுங்க.

வெயிட்டும் அப்படித்தான், கொழுப்புலயும் ஈஸ்ட்ரோஜன் உண்டாகுதாம், அதுவும் சேந்து சவ்வை வளத்துமாம். அன்னிக்கே அதைச் சொல்லியிருந்தா குண்டுன்னுட்டாங்கன்னு புள்ள பஸ்ல அழுதுட்டே வந்திருக்க மாட்டா.

எங்க சின்னம்மாளுக்கு 44 வயசு, உதிரப்போக்கு எச்சாகவும் நேரா கர்ப்பப்பைய எடுத்துரலாம்னுட்டாங்க. எடுக்க வேண்டியதுன்னா எடுத்துக்கலாமுங்க, ஆனா முன்னாடி சவ்வுல துளி எடுத்து டெஸ்ட் பண்றது இருக்குது, புரோஜெஸ்டிரோன் மாதிரி மருந்து இருக்கற லூப்பை கர்ப்பப்பைக்குள்ள வெச்சுப் பாக்கறது இருக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லோணுமில்ல?

கூட்டம் இருக்கறது தெரியுமுங்க. அதனால உக்கார வெச்சு பாடம் எடுக்கச் சொல்லலை. மாத்திரைச் சீட்டுக்குப் பின்பக்கம் காலியாத்தான் கெடக்குது, அதுல தமிழ்ல ஒரு வரி: இது எதுக்கு, எத்தன நாள், நடுவுல ரத்தம் பட்டா நிறுத்தறதா வேண்டாமா. அடுத்த மாசம் மறுபடியும் வர்றோமுங்க, ரிப்போர்ட்டோட.

இப்படிக்கு,
காங்கேயம் பக்கத்துல இருந்து ஒரு அம்மா