வெள்ளிக்கிழமை முட்டையும் கிண்ணமும் கொடுத்தனுப்புங்கள்

பெற்றோர் அனைவருக்கும் வணக்கம்.

வரும் வெள்ளிக்கிழமை காலை ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் வகுப்பறையில் இல்லை, தண்ணீர்த் தொட்டியடியில். எது முழுகும், எது மிதக்கும், ஏன் என்பதைச் செய்து பார்க்கப் போகிறோம். முட்டை வேண்டும், கிண்ணம் வேண்டும், கல்லுப்பு வேண்டும் என்று பிள்ளைகள் வந்து நின்றால், "பள்ளிக்கூடத்துல சமையலா நடக்குது?" என்று விரட்டிவிடாதீர்கள்.

"கனமா இருந்தா முழுகும், லேசா இருந்தா மிதக்கும்" என்றுதான் வகுப்பே சொன்னது. ஒரு மாணவி மட்டும் எழுந்து, "அப்படின்னா ஏனுங்க சார், துளியூண்டு ஆணி முழுகுது, பவானிசாகர் அணையில மீன் புடிக்கற பரிசல் ஆளையும் வலையையும் ஏத்திக்கிட்டு மிதக்குது?" என்றாள். நான் விடை சொல்லவில்லை. சொல்லிவிட்டால் பிள்ளைகள் எழுதி வைத்துக்கொண்டு மறந்துவிடுவார்கள். நீங்களும் வெள்ளிக்கிழமை வரை வாய் திறக்க வேண்டாம்.

உங்களுக்கு மட்டும் சொல்கிறேன். தண்ணீரில் இறங்கும் எந்தப் பொருளும் தன் இடத்துக்குக் கொஞ்சம் தண்ணீரை ஒதுக்குகிறது. ஒதுங்கிய தண்ணீர் எவ்வளவு எடையோ அவ்வளவு பலத்தோடு தண்ணீர் அந்தப் பொருளை மேலே தள்ளுகிறது. சிராக்யூஸ் நகரத்து ஆர்க்கிமிடீஸ் 2,200 ஆண்டுகளுக்கு முன்பே கண்டு சொன்னது. ஒரு கன சென்டிமீட்டர் தண்ணீர் 1 கிராம், அதே அளவு இரும்பு கிட்டத்தட்ட 7.8 கிராம். ஆணி ஒதுக்கும் தண்ணீர் அதைத் தாங்கப் போதாது. பரிசல் அகலமாக உட்கார்ந்து நிறையத் தண்ணீரை ஒதுக்குகிறது. ஆள் ஏற ஏற இன்னும் கொஞ்சம் அமிழ்ந்து, இன்னும் கொஞ்சம் ஒதுக்குகிறது. எவர்சில்வர் கிண்ணத்தை நிமிர்த்தி விட்டால் மிதப்பதும், சாய்த்துத் தண்ணீர் புகவிட்டால் அடிக்குப் போவதும் இதனால்தான். எடை மட்டும் பேசாது, அது எவ்வளவு இடத்தில் பரவியிருக்கிறது என்பதும் சேர்ந்துதான் பேசும். மரமெல்லாம் மிதக்கும் என்றும் நம்ப முடியாது. நன்கு முற்றிய கருங்காலி வைரக்கட்டை முழுகிவிடும்.

முட்டை எதற்கென்றால், விதை நெல் தேர்வுக்கு. இது பாடப் புத்தகத்தைவிட உங்களில் பலருக்கு நன்றாகத் தெரியும். வாளித் தண்ணீரில் முட்டையைப் போட்டால் அடியில் கிடக்கும். உப்பைக் கொட்டிக் கலக்கிக்கொண்டே வந்தால், ஒரு கட்டத்தில் எழும்பி, பழைய நாலணாக் காசு அகலத்துக்கு மேலே தலைகாட்டும். உப்புக் கரையக் கரைய அதே அளவு தண்ணீர் கனம் கூடிவிடுகிறது, அதனால் முட்டையைத் தாங்குகிறது. அந்தக் கரைசலில் நெல்லைக் கொட்டினால் பதரும் அரைமணியும் மிதக்கும், முற்றிய மணி அடியில் தங்கும். மிதப்பதை அரித்தெடுத்துவிட்டு, தங்கிய விதையை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசியாக வேண்டும். உப்பு ஒட்டியிருந்தால் முளைப்பு கெடும். முட்டை புதிதாக இருக்கட்டும். நாள்பட்ட முட்டைக்குள் காற்று கூடி, உப்பே இல்லாத தண்ணீரிலும் மிதந்து கணக்கைக் கெடுத்துவிடும். நாற்று விடும் வீட்டுக்காரர் யாராவது வந்து இதைப் பிள்ளைகளுக்குச் செய்து காட்டினால் எனக்குப் பெரிய உதவி. நான் சொல்வதைவிட உங்கள் கை சொல்வது அவர்களுக்கு ஏறும்.

இன்னொன்றைக் கண்டிப்பாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. இந்தப் பாடம் முடிந்த கையோடு வாய்க்காலிலும் கிணற்றிலும் சோதித்துப் பார்க்கப் பிள்ளைகளுக்குக் கை துறுதுறுக்கும். மனித உடம்பு ஏறக்குறைய தண்ணீரின் கனம்தான். மூச்சை இழுத்துப் பிடித்தால் மிதக்கும் பலர், மூச்சை விட்டதும் அமிழ்வார்கள். பயந்து கத்தும்போது காற்றுத்தான் முதலில் வெளியேறும். இடுப்பில் காலிக் கேனைக் கட்டிக்கொண்டு இறங்கும் பழக்கம் நம் பக்கம் உண்டு. மூடி கழன்று தண்ணீர் புகுந்தால் கேனும் அந்தச் சாய்ந்த கிண்ணம்தான். கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் ஓடும் நாட்களில் நீச்சல் தெரிந்த பெரியவர் கூட இல்லாமல் யாரையும் இறங்க விடாதீர்கள். வீட்டில் வாளித் தண்ணீரில் எலுமிச்சை, தேங்காய்த் தொட்டி, சாவிக்கொத்து என்று எதைப் போட்டுப் பார்த்தாலும் திட்ட வேண்டாம். "என்ன ஆகும்னு நினைக்கிற?" என்று மட்டும் முன்னாடியே கேட்டுவிடுங்கள்.

கொடுத்தனுப்பும் கிண்ணத்தின் அடியில் பிள்ளையின் பெயரை ஒட்டிவிடுங்கள். மாற்று உடுப்பு ஒன்றும் பையில் இருக்கட்டும், நனையாமல் திரும்பப் போவதில்லை.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்