ஞாயிற்றுக்கிழமைக் கொள்கை

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து மாலை நடையைத் தொடங்கிவிட்டாய் என்பதில் மகிழ்ச்சி. 2022ஆம் ஆண்டு இயற்பியல் நோபல் பரிசு பெற்ற ஆஸ்பெக்ட், கிளவுசர், சைலிங்கர் மூவரும் சோதித்தது இயற்பியலாளர் ஜான் பெல்லின் கணக்கைத்தானே, அவருக்கு ஏன் பரிசில்லை என்று கேட்டிருந்தாய். பெல் 1990இலேயே ஜெனீவாவில், 62 வயதில், மூளையில் ஏற்பட்ட இரத்தக்கசிவால் இறந்துவிட்டார். மறைந்தவர்களுக்கு அந்தப் பரிசு கிடையாது.

பெல்ஃபாஸ்டில் வசதியற்ற வீட்டில் பிறந்தவர் அவர். உடன்பிறந்தவர்கள் சிறு வயதிலேயே வேலைக்குப் போக, அவர் மட்டும் படிப்பைத் தொடர்ந்தார். பதினாறு வயதில் குவீன்ஸ் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் உதவியாளராகச் சேர்ந்து, அடுத்த ஆண்டு அங்கேயே மாணவரானார். பின்னர் இங்கிலாந்தின் ஹார்வெல் அணு ஆய்வு மையத்திலும், 1960 முதல் மனைவி மேரியுடன் ஜெனீவாவின் செர்ன் துகள் இயற்பியல் ஆய்வகத்திலும் பணி. சம்பளம் வந்தது துகள்முடுக்கிகளுக்கும் துகள் கோட்பாட்டுக்கும். தாம் ஒரு குவாண்டம் பொறியாளர் என்றும், ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் தமக்குக் கொள்கைகள் உண்டு என்றும் ஓர் உரையில் வேடிக்கையாகச் சொன்னாராம். குவாண்டம் கணக்குகளுக்குப் பின்னால் உண்மையில் என்னதான் நடக்கிறது என்று நம் எம்.எஸ்சி. வகுப்பில் நீ எழுந்து கேட்டபோது, 'விடை சரியாக வருகிறதல்லவா, உட்கார்' என்று பதில் வந்ததே, அந்தக் கேள்விதான் அவருடைய ஞாயிற்றுக்கிழமை வேலை.

அவருடைய செர்ன் நண்பர் பெர்ட்ல்மன் எப்போதும் இரு கால்களிலும் வெவ்வேறு நிறக் காலுறை அணிபவர். ஒன்று இளஞ்சிவப்பு என்று கண்டால், மற்றது அந்த நிறமன்று என்பதைப் பார்க்காமலே சொல்லிவிடலாம். காலையிலேயே முடிவான விஷயம், இதில் வியப்பில்லை. ஒரே மூலத்திலிருந்து பிரிந்து செல்லும் இரு துகள்களும் இப்படித்தான் விடையைச் சுமந்து வருகின்றனவா? அப்படி வந்து, ஓரிடத்து அளவீடு தொலைவிலுள்ள மற்றதைப் பாதிக்காமலும் இருந்தால், பல கோணங்களில் அளந்து பெறும் ஒத்திசைவுகளுக்கு, அதாவது இரு துகள்களின் விடைகளும் ஒத்துப்போகும் அளவுக்கு, ஓர் உச்சவரம்பு உண்டு என்று 1964இல் பெல் நிறுவினார். 1969இல் கிளவுசரும் மற்றவர்களும் ஆய்வகத்துக்கேற்ப மாற்றிய வடிவத்தில் அந்த வரம்பு 2. குவாண்டம் கோட்பாடோ 2.83 வரை செல்கிறது. 1972இல் அமெரிக்காவின் பெர்க்லியிலும், 1982இல் பிரான்சின் ஓர்சேயிலும் நடந்த சோதனைகளில் வரம்பு மீறப்பட்டது; காலுறை விளக்கம் துகள்களுக்குப் பொருந்தவில்லை. துகள்கள் விடையை முன்பே சுமந்து வருகின்றன என்று எண்ணிய ஐன்ஸ்டைன் பக்கம் சாய்ந்திருந்த பெல்லுக்கு இது உவப்பான முடிவன்று என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஆறே பக்கம் கொண்ட அந்த 1964ஆம் ஆண்டுக் கட்டுரையைப் புகழ்பெற்ற இதழுக்கு அனுப்பியிருந்தால் பக்கக் கட்டணம் கட்ட வேண்டியிருந்திருக்கும். அமெரிக்காவில் விருந்தினராக இருந்த அவர், அதை விருந்தோம்பியவர்களிடம் கேட்கக் கூச்சப்பட்டு, சில ஆண்டுகளில் நின்றுபோன ஒரு புதிய இதழுக்குக் கொடுத்துவிட்டார். நம் ஊர்க்காரர் போல! 1975இல் இளைஞர் ஆஸ்பெக்ட் சோதனைத் திட்டத்தோடு வந்து நின்றபோதும், பெல் முதலில் கேட்டது, 'உங்களுக்கு நிரந்தர வேலை இருக்கிறதா?' என்பதுதான்.

கட்டுரையின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். ஓரத்தில் பென்சிலால் நான் போட்டுப் பார்த்த கணக்கில் எங்கோ ஒரு கழித்தல் குறி தவறியிருக்கிறது, கண்டுபிடித்து எழுது.

அன்புடன்,
கோபாலன்