லைட் டூட்டியில் கேவலம் ஒன்றும் இல்லை, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று ராத்திரி போனில் நீ கேட்டது காதிலேயே நிற்கிறது. "குளிச்சிட்டு வந்து துண்டை உதறிக் காயப்போட்டேண்ணே. அதுக்கே ஒரு மணி நேரம் படுத்துட்டேன். எக்ஸ்ரே நல்லா இருக்குன்னு டாக்டர் சொல்றார். அப்ப எனக்கு என்னதான் ஆச்சு?"

உடனே பதில் சொல்ல வரவில்லை. எனக்கும் இடுப்பு முதுகெலும்பில் அதே எல்4-எல்5 (நாலாவது, ஐந்தாவது எலும்பு) ஆபரேஷன், அதே நான்கு ஸ்க்ரூ, இரண்டு ராடு. அதனால் எழுதுகிறேன். பஸ் ஸ்டியரிங் பிடித்து முதுகு போனவர்கள் நம்மில் நிறையப் பேர் இருப்பதால் எல்லோரும் பார்க்கிற இடத்திலேயே போடுகிறேன். உன் பேரைப் போடவில்லை, பயப்படாதே.

ஆபரேஷன் முடிந்து உனக்கு ஐந்து வாரம். தையல் ஆறிவிட்டது, முகம் தெளிந்துவிட்டது. பார்க்கிறவர்களுக்கு நீ சும்மா உட்கார்ந்திருக்கிற ஆள். உள்ளே கட்டட வேலை நடக்கிறது. தளம் போட்ட வீட்டில் சென்ட்ரிங் பலகையும் முட்டும் நிற்குமே, உன் ஸ்க்ரூவும் ராடும் அதுதான். இறுக வேண்டியது நடுவில் வைத்த எலும்புத் துகள். அது பக்கத்து எலும்புகளோடு ஒரே எலும்பாகச் சேர 6 மாதம் முதல் 1 வருடம் வரை ஆகும். அதற்கு உடம்பு ராத்திரி பகலாகச் செலவழிக்கிறது. ஆபரேஷனில் போன ரத்தம் ஊற வேண்டும். படுத்துக் கிடந்ததில் தொடைச் சதை கரைந்திருக்கும். நரம்பு வலிக்குப் போடுகிற மாத்திரை காலை பத்து மணி வரை கண்ணைச் சொருகவைக்கும். இத்தனைக்கும் போக டேங்கில் மிஞ்சுகிற டீசலில்தான் நீ துண்டு உதறுகிறாய்.

ஏழாவது வாரத்தில் அலுப்பு தாங்காமல் நானாகக் கேட்டு ரத்தம் பார்த்தேன். ஹீமோகுளோபின் 9தான், ரத்தம் குறைவு. அதுவரை என்னைச் சோம்பேறி என்று நானே திட்டிக்கொண்டிருந்தேன். அடுத்த தடவை போகும்போது நீயும் கேள். முட்டை, சுண்டல், பருப்பு குறையாமல் சாப்பிடு. வலி மாத்திரை மலத்தைக் கட்டும், முக்கினால் முதுகில் சுரீர் என்கும். தண்ணீரும் கீரையும் கூடவே இருக்கட்டும். அதற்கும் கேட்கவில்லை என்றால் வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்.

நான் கெட்டது ஒரு நல்ல நாளில்தான். எட்டாவது வாரம், ஒருநாள் காலையில் எழுந்தால் வலியே இல்லை. கடைத்தெரு வரை நடந்தேன், பத்து கிலோ அரிசிப் பையைத் தூக்கினேன், வந்த சூட்டோடு குனிந்து வண்டியையும் துடைத்தேன். வீட்டில் கத்தினாள், கேட்கவில்லை. அடுத்த நான்கு நாள் பாத்ரூமுக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு போனேன். குனியாதே, தூக்காதே, இடுப்பைத் திருகாதே என்று டிஸ்சார்ஜ் அன்றைக்குச் சொன்ன மூன்றையும் ஒரே காலையில் செய்து முடித்த ஆள் நான். அதற்குப் பிறகு கடிகாரம் பார்த்து நடந்தேன். ஐந்து நிமிடம், ஒரு நாளைக்கு ஐந்து தடவை. நல்ல நாளிலும் அதே அளவு, மோசமான நாளில் கொஞ்சம் குறைவு. வாரம் ஒரு தடவைதான் ஓரிரண்டு நிமிடம் கூட்டினேன். மைலேஜ் பார்த்து ஓட்டுகிறவனுக்கு இது புரியாதா?

இனி வேலை விஷயத்துக்கு வருகிறேன். லீவு தீர்ந்து சம்பளம் பிடிக்கிறார்கள் என்றாய். எனக்கும் அதுதான் நடந்தது. மூன்றாவது மாதம் டாக்டரிடம் லைட் டூட்டிக்கு, அதாவது வண்டி ஓட்டாமல் பார்க்கிற இலகுவான வேலைக்கு, எழுதி வாங்கிக்கொண்டு டெப்போவுக்குப் போனேன். ஓர் அதிகாரி சீட்டைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. "முடியலைன்னா வி.ஆர்.எஸ். எழுதிக் குடுத்துட்டுப் போ" என்றார், விருப்ப ஓய்வு. அன்றைக்கு இருந்த மனநிலைக்கு எழுதிக் கொடுத்திருப்பேன். வாசலில் நின்ற சங்கத்துத் தோழர்தான் கையைப் பிடித்து நிறுத்தினார். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, பிரிவு 20(4): பணியில் இருக்கும்போது ஊனம் ஏற்பட்டால் அரசு நிறுவனம் ஆளை வெளியேற்றவோ பதவி இறக்கவோ கூடாது. பழைய வேலை செய்ய முடியாவிட்டால் அதே சம்பள விகிதத்தில் வேறு வேலை தர வேண்டும். அது கடைசிக் கட்டத்துக்கு உள்ள சட்டம், உனக்குத் தேவைப்படாமலே போகலாம். ஆனால் எவனாவது மிரட்டும்போது தெரிந்திருக்க வேண்டும். வெறும் வாயால் எதையும் கேட்காதே, எழுதிக் கொடுத்து நகலில் கையெழுத்து வாங்கு.

டைம் கீப்பர் ரூமில் என்னை உட்காரவைத்தார்கள். ஸ்டியரிங் பிடித்த கை பேனா பிடிக்கிறதே என்று முதல் வாரம் யார் முகத்தையும் பார்க்கவில்லை. இளவட்டங்கள் "என்னண்ணே, ஆபீஸர் ஆயிட்டீங்க" என்றபோது சிரித்துவைத்தேன், வயிறு எரிந்தது. உட்கார்ந்தே இருப்பது நிற்பதைவிட முதுகுக்குப் பாரம் என்பதும் அங்கேதான் தெரிந்தது. அரைமணிக்கு ஒரு தடவை எழுந்து, வந்து நிற்கிற வண்டிகளைச் சுற்றி ஒரு நடை. மத்தியானம் சாப்பிட்டதும் பின்னால் பெஞ்சில் இருபது நிமிடம் நீட்டிப் படுப்பேன். அதைச் சொல்லிக் கேலி செய்தவனுக்கு இந்த வருஷம் டிஸ்க் விலகியிருக்கிறது, பாவம். இப்போது எனக்குத்தான் போன் போடுகிறான்.

வண்டி ஏறியது எட்டாவது மாதம். என்னை உட்காரவைத்தது முதுகைவிட இடது கால்தான். கட்டைவிரல் மரத்து, பாதம் முழுசாகத் தூக்க வராது. கிளட்ச் மிதிக்கிற கால் ஆயிற்றே. கெட்டுப்போன நரம்பு திரும்ப வளர்வது ஒரு நாளைக்கு சுமார் 1 மில்லிமீட்டர் என்றார் டாக்டர். இடுப்பிலிருந்து கால்விரல் வரை மனதுக்குள் அளந்து பார்த்து மலைத்துப்போனேன். நல்லவேளை, என் நரம்பு நசுங்கியதோடு சரி, அறுந்த மாதிரி ஆகவில்லை. நின்ற வண்டியில் கிளட்சை நூறு தடவை மிதித்துப் பார்த்து, டாக்டரும் சரி என்ற பிறகுதான் சாவியைத் தொட்டேன். முதலில் உசிலம்பட்டி வரை ஒரு சிங்கிள், ஒரு நடை மட்டும். ஆண்டிபட்டிக் கணவாய் ஏறி இறங்கித் தேனி போக இன்னும் மூன்று மாதம் ஆனது. இன்றைக்கும் டபுள் டூட்டி பார்ப்பதில்லை, பணம் எவ்வளவு என்றாலும்.

சிகரெட்டை விட்டுவிட்டேன் என்று நீ சொன்னதை உன் தங்கச்சி பொய் என்கிறது. நிகோட்டின் எலும்பு ஒட்டுவதைக் கெடுக்கும். இதில் மட்டும் எனக்குக் கோபம் வரும்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதே. திடீரென்று ஒன்றுக்கு வராமல் போனால், அடக்க முடியாமல் போனால், உட்காருகிற இடம் மரத்தால், கால் புதிதாகத் துவண்டால், ராத்திரி இரண்டு மணியானாலும் ஆஸ்பத்திரிக்குப் போ. காய்ச்சல், தையலில் நீர் கசிவு, கெண்டைக்கால் வீக்கம் என்றாலும் அன்றைக்கே காட்டிவிடு.

வெள்ளிக்கிழமை எனக்கு ஆஃப். காலை ஆறரைக்கு வருகிறேன். தெருமுனை டீக்கடை வரை நடப்போம், நின்றுகொண்டே குடிக்கலாம். டிஸ்சார்ஜ் சம்மரியை இரண்டு ஜெராக்ஸ் எடுத்து வை. லைட் டூட்டி மனுவை அங்கேயே எழுதிவிடலாம்.

அண்ணன்